வைக்கோலின் கலச்சுவரும் அதனைக் கரைக்கும் நொதியங்களும்

கணினி ஆராய்ச்சி கண்டறிந்தவையும் கமக்காரர் அறிய வேண்டியவையும்

நெல் அறுவடை முடிந்தபின் வயலில் எஞ்சுவது வைக்கோல். ஒரு தொன் நெல் விளைந்த வயலில் ஏறக்குறைய அதே அளவு வைக்கோலும் விளைந்திருக்கும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கும், நைதரசனில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கும் இவ்வைக்கோலிலேயே தங்கிவிடுகின்றன. அதனைத் தீயிட்டால் நைதரசன் முழுவதும் புகையோடு போய்விடும் என்பது கமக்காரர் பலரும் அறிந்ததே. அறிந்திருந்தும் அவர்கள் தீயிடுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. வைக்கோல் விரைவில் உக்குவதில்லை. அடுத்த போகத்துக்கு நிலம் பண்படுத்தும் வேளையில் அது கலப்பையில் சிக்குகிறது. உக்காத வைக்கோல் கிடக்கும் வயலில் இளம்பயிர் மஞ்சளாகிறது. இக்குறைகள் நியாயமானவை.

நெல்மணி வயிற்றிற் சென்று சில மணி நேரத்திற் சீரணமாகிறது. அதே பயிரின் தாளோ மாதக்கணக்கில் மண்ணிற் கிடந்தும் உருமாறாதிருக்கிறது. இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது? ஆய்வுகூடத்தில் மட்டுமன்றிக் கணினியிலும் இவ்வினாவுக்கு விடை தேடப்பட்டு வருகிறது. அத்தேடலிற் கிடைத்த விடைகளை அறிந்த கமக்காரர், வைக்கோலை எவ்வாறு கையாள வேண்டுமென்பதையும் தெளிவாக உணர்வர்.

கலச்சுவரின் அமைப்பு

பயிரின் உடல் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. வரிச்சுக் கட்டி மண் பூசிய வீட்டுச் சுவரை இதற்கு ஒப்பிடலாம். வரிச்சுகளின் இடத்தில் இருப்பது செலுலோசு என்னும் பொருள். வரிச்சுகளைப் பிணைக்கும் கயிறு போன்றது அரைச்செலுலோசு. இவற்றின் மேல் அப்பிய மண்பூச்சுப் போன்றது இலிக்னின். நெல்லின் வைக்கோலில் இவற்றோடு மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவும் மிகுதியாகச் சேர்ந்துள்ளது.

செலுலோசைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் அன்செல்ம் பாயன் 1838 ஆம் ஆண்டிற் பிரித்தறிந்தார். அது குளுக்கோசு என்னும் சர்க்கரையின் அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட இழையாகும். நெல்மணியிலுள்ள மாப்பொருளும் அதே குளுக்கோசினால் ஆனதே. வேறுபாடு கோக்கப்பட்ட முறையில் மட்டுமே உள்ளது. மாப்பொருளின் இழை சுருண்டு தளர்ந்திருக்கும். செலுலோசின் இழை நேராக நீண்டிருக்கும். நேரான இழைகள் பக்கம் பக்கமாகவும் அடுக்கடுக்காகவும் நெருங்கிப் பொருந்தி, பளிங்கு போல் இறுகிய நுண்நாராகின்றன. பயிரின் நுண்நார் ஒன்றில் 18 இழைகள் வரை இருக்கின்றன எனத் தற்கால ஆய்வாளர் பலர் கொள்வர். இவ்வடுக்கின் உள்ளே நீரும் நுழைவதற்கு இடமில்லை.

செலுலோசில் இரு குளுக்கோசு அலகுகளை இணைக்கும் பிணைப்பு எவ்வளவு உறுதியானது என்பதை 1998 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் அளந்தனர். சாதாரண வெப்பநிலையில், நொதியத்தின் துணையின்றி நீர் மட்டும் தாக்குமாயின், அப்பிணைப்புகளிற் பாதி அறுவதற்கு நாற்பது இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். ஆனால் நொதியம் ஒன்று அதே பிணைப்பை ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் அறுக்கிறது. நொதியம் என்பது உயிர்கள் தாமே உண்டாக்கும் புரதம். தான் செலவாகாது பிற பொருளை மாற்றுவது அதன் இயல்பு.

மரக்கறிச் செய்கையாளருக்கும் இச்சுவர் முக்கியமானதே. கோவா, கரட், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இளங்கலங்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பசைப்பொருளாகும். மென்னழுகல் நோயை உண்டாக்கும் பற்றீரியாக்கள் இப்பெக்டினைக் கரைக்கும் நொதியங்களைச் சுரக்கின்றன. அதனாலேயே நோயுற்ற கோவா ஓரிரு நாட்களிற் கூழாகிறது. வளரும் பயிரின் சுவர் கரையாதிருக்க வேண்டும். அறுவடைக்குப் பின் எஞ்சும் தாளின் சுவர் விரைந்து கரைய வேண்டும். கமக்காரர் விரும்புவது இவ்விரண்டையுமே.

கூடாரத் துணியை அழித்த பங்கசு

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் சமுத்திரத்துச் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் ஆடைகளும் விரைவாக உக்கி அழிந்தன. பருத்தி ஏறக்குறைய தூய செலுலோசு ஆதலின், அதனை உண்ணும் நுண்ணுயிர் ஏதோ ஒன்று அங்கிருப்பது தெளிவாயிற்று. உக்கிய துணியிலிருந்து பங்கசு ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்கப் படையின் ஆய்வுகூடத்தில் எல்வின் ரீஸ், மேரி மண்டெல்ஸ் ஆகியோர் அதனைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். 1977 ஆம் ஆண்டில் ரீஸ் என்பவரின் பெயரால் அதற்குத் திரைக்கோடேர்மா ரீசெய் என்று பெயரிடப்பட்டது.

துணியைக் காப்பதற்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, 1970 ஆம் ஆண்டுகளில் எண்ணெய் விலை உயர்ந்தபோது வேறு திசையிற் சென்றது. வைக்கோல், சோளத்தட்டை முதலிய கழிவுகளை இப்பங்கசின் நொதியங்களாற் சர்க்கரையாக்கி, அதிலிருந்து எரிபொருள் செய்ய முயன்றனர். அம்முயற்சிக்குத் தடையாய் நின்றது கமக்காரர் வயலிற் காணும் அதே தடையே: தாள் மெதுவாகவே கரைகிறது.

இப்பங்கசு சுரக்கும் நொதியங்களுள் அளவில் மிகுந்தது செல் ஏழு-ஏ எனப்படும். அதன் வெட்டும் பகுதியின் வடிவத்தைச் சுவீடனின் உப்சாலா நகர ஆய்வாளர் 1994 ஆம் ஆண்டில் ஊடுகதிரின் உதவியாற் கண்டறிந்தனர். அதன் ஊடே ஏறக்குறைய 5 நனோமீற்றர் நீளமான சுரங்கம் ஒன்று செல்கிறது. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். செலுலோசு இழையின் நுனி அச்சுரங்கத்தினுள் நுழைந்து, மறுமுனையில் இரண்டிரண்டு குளுக்கோசு அலகுகளாக வெட்டுண்டு வெளியேறுகிறது. நொதியம் இழையைக் கைவிடாது அதன் வழியே முன்னேறிச் செல்கிறது. வெட்டும் பகுதியிலிருந்து வால் போன்ற தொடுப்பு ஒன்று நீண்டு, அதன் முனையிற் செலுலோசைப் பற்றிக்கொள்ளும் சிறு பாதம் ஒன்றும் உண்டு.

கணினியின் பணி

ஊடுகதிர் காட்டும் வடிவம் அசையாத படமே. ஓடும் மாட்டின் ஒரு நிழற்படத்தைக் கொண்டு அது எவ்வாறு ஓடுகிறது என்று சொல்ல இயலாதவாறு, நொதியத்தின் ஒரு வடிவத்தைக் கொண்டு அது எவ்வாறு இழையை உருவுகிறது என்று கூற இயலாது. அவ்வசைவைக் காண்பதற்கே கணினி பயன்படுகிறது.

ஆய்வாளர் நொதியத்தின் ஒவ்வோர் அணுவின் இடத்தையும், செலுலோசின் ஒவ்வோர் அணுவின் இடத்தையும், சூழவுள்ள நீரின் அணுக்களையும் கணினிக்குக் கொடுப்பர். அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு விசையுடன் இழுக்கின்றன, எவ்வளவு விசையுடன் தள்ளுகின்றன என்பதற்கான சூத்திரங்களையும் கொடுப்பர். கணினி அவ்விசைகளைக் கூட்டி, நியூற்றனின் இயக்க விதிப்படி ஒவ்வோர் அணுவும் அடுத்த கணத்தில் எங்கிருக்கும் எனக் கணிக்கும். பின் மீண்டும் விசைகளைக் கணித்து அடுத்த கணத்துக்குச் செல்லும். இம்முறைக்கு மூலக்கூற்று இயக்கவியல் என்று பெயர். புரதம் ஒன்றுக்கு இம்முறை முதன்முதல் 1977 ஆம் ஆண்டிற் கையாளப்பட்டது. அதனை வழிநடத்திய மார்ட்டின் கார்பிளஸ், மைக்கல் லெவிற், ஆரியே வார்ஷெல் ஆகியோருடன் 2013 ஆம் ஆண்டின் இரசாயனத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கு ஒரு கணம் என்பது நாம் எண்ணுங் கணமன்று. ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடிக் கூறாகப் பிரித்தால் வரும் ஒரு கூறோ இரு கூறோதான் கணினியின் ஓர் அடி. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேர அசைவைக் காண்பதற்கு, இரு கூறாக அடிவைத்தாலும் 50 கோடித் தடவை கணக்கிட வேண்டும். நொதியம் ஒரு தடவை வெட்டுவதற்கு ஒரு செக்கனின் ஏழில் ஒரு பங்களவு நேரமாவதால், முழுச் செயலையும் அடியடியாகத் தொடர்வது இயலாத காரியம். எனவே இழையை நுண்நாரிலிருந்து உரிப்பதற்கு எவ்வளவு சத்தி வேண்டும், வெட்டுவதற்கு எவ்வளவு சத்தி வேண்டும் என ஒவ்வொரு படியையும் தனித்தனியே அளந்து, எப்படி கடினம், எப்படி எளிது என ஒப்பிடுவர்.

கணக்கு வெளிப்படுத்திய உண்மைகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், தேசிய மீளப்புதுப்பிக்கத்தக்க சத்தி ஆய்வுகூடம் என்னும் பெயருடன் இயங்கிய நிலையத்தில் கிரெக் பெக்கம், மைக்கல் குரோலி முதலியோர் இக்கணக்குகளைச் செய்தனர். இறுகக் கட்டிய வைக்கோற் கட்டிலிருந்து ஓரத்துத் தாளை உருவுதல் எளிது. நடுவிலுள்ள தாளை உருவுதல் கடினம். நுண்நாரிலும் அவ்வாறே என்பது 2011 ஆம் ஆண்டில் வெளியான கணக்கினாற் புலனாயிற்று. மேற்பரப்பின் ஓரத்திலுள்ள இழையை உரிப்பதற்கு வேண்டிய சத்தி குறைவு. நடுவிலுள்ள இழைக்கு வேண்டியது கூடுதல்.

அதே ஆண்டில் வேறொரு கூட்டாய்வு, செலுலோசை அமோனியாவினாற் பதப்படுத்தி அதன் அடுக்கை மாற்றினால் நொதியம் அதனை ஐந்து மடங்கு வரை விரைவாகக் கரைக்கும் என்று காட்டியது. சர்க்கரையும் அதுவே, பிணைப்பும் அதுவே. அடுக்கு மட்டுமே மாறியது. ஆகவே தாளின் கடினத்துக்குப் பெருங்காரணம் இழைகள் அடுக்கப்பட்ட முறையே என்பது தெளிவாயிற்று.

அடுத்தது நொதியத்தின் வால் பற்றியது. இது வெட்டும் பகுதியையும் பாதத்தையும் இணைக்கும் வெறுங்கயிறு என்றே முன்னர் எண்ணப்பட்டது. கணினி மாதிரியுருவில் அவ்வாலும் செலுலோசின்மேற் படிந்து ஒட்டிக்கொள்வது காணப்பட்டது. ஆய்வாளர் அதனை உடனே நம்பிவிடவில்லை. வாலுடன் கூடிய பாதத்தையும் தனிப்பாதத்தையும் ஆய்வுகூடத்திற் சோதித்து அளந்தபோது, வாலுடன் கூடியது ஏறக்குறைய பத்து மடங்கு உறுதியாகப் பற்றியது. இது 2013 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

இலிக்னின் பற்றிய உண்மையைத் தென்னெசி மாநிலத்து ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் ஜெரமி சிமித் என்பவரின் குழுவினர் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டைற்றன் என்னும் பெருங்கணினியில் 2 கோடியே 37 இலட்சம் அணுக்கள் கொண்ட மாதிரியுருவை அவர்கள் இயக்கினர். அதில் செலுலோசு நார்களும், இலிக்னினும், நொதியங்களும் ஒருங்கே இருந்தன. நொதியத்தின் பாதம் செலுலோசின் எப்பக்கத்திற் பதிய வேண்டுமோ அதே பக்கத்தில் இலிக்னின் முந்திச்சென்று ஒட்டிக்கொள்கிறது. அதுவுமன்றி, நொதியத்தின் பாதத்தையும் அது பற்றிக்கொள்கிறது. மண்பூச்சு வரிச்சை மறைப்பதோடு நில்லாமல், வரிச்சை எடுக்க வந்தவனின் காலையும் பிடித்துக்கொள்வதை இது ஒக்கும்.

யப்பானில் தோக்கியோ, கனசாவா நகரப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் நொதியத்தின் நடையை நுண்முனைக் கருவியொன்றினால் நேரிற் கண்டு அளந்தனர். 2011 ஆம் ஆண்டில் வெளியான அவ்வளவையின்படி நொதியம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 7 நனோமீற்றர் முன்னேறுகிறது. ஆனால் முன்னாற் சென்ற நொதியம் தடையொன்றில் நின்றுவிட்டால் பின்னால் வருபவையும் நின்றுவிடுகின்றன. ஒருவர் மட்டுமே செல்லத்தக்க வரம்பில் முன்னாற் சுமையுடன் செல்பவர் நின்றால் பின்னால் வருபவர் அனைவரும் நிற்க நேர்வதைப் போன்றது இது.

இவை யாவற்றையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை துலங்கும். இழையின் நுனியைப் பற்றிய நொதியம் தன் வேலையை விரைவாகவே செய்கிறது. தாமதம் உண்டாவது நுனி அகப்படாமையாலும், இறுகிய அடுக்கினாலும், இலிக்னினாலும், வழித்தடையாலுமே. வைக்கோல் மெதுவாக உக்குவது நுண்ணுயிரின் பலவீனத்தால் அன்று. அதற்கு வாயில் திறந்திராமையால் ஆகும்.

இயற்கையிலும் வாயில் திறக்கும் நொதியம் உண்டு. நோர்வேயின் ஓஸ் நகர ஆய்வாளர் 2010 ஆம் ஆண்டில், நண்டின் ஓட்டிலுள்ள கைற்றின் என்னும் பொருளின் இறுகிய மேற்பரப்பையே பிளக்கும் நொதியமொன்றின் செயலை விளக்கினர். செலுலோசைப் பிளக்கும் அதன் இனத்து நொதியங்களும் பின்னர் அறியப்பட்டன. இவை செம்பைத் தம்மகத்தே கொண்டவை. தொழிற்படுவதற்கு ஒட்சிசனோ ஐதரசன் பேரொட்சைட்டோ வேண்டுபவை. இவை பிளந்த இடத்திற் புதிய நுனிகள் தோன்ற, ஏனைய நொதியங்கள் அவற்றைப் பற்றி வெட்டத் தொடங்குகின்றன.

கணக்கின் எல்லை

கணினி கொடுக்கும் விடை, அதற்குக் கொடுக்கப்பட்ட சூத்திரத்தின் தரத்தைப் பொறுத்தது. மாதிரியுருவிற் காண்பது ஒரு நாரின் சிறு துண்டும் சில நொதியங்களும் மட்டுமே. வயலிலோ மழையும் வெயிலும், மண்ணும் புழுவும், எண்ணிறந்த பங்கசுகளும் பற்றீரியாக்களும் உண்டு. ஆகவே கணக்குக் கூறியதைச் சோதனையால் உறுதிப்படுத்திய பின்னரே ஏற்பது முறை. 2018 ஆம் ஆண்டில் கொலராடோ ஆய்வாளர் வேறொரு பங்கசின் செல் ஏழு-ஏ நொதியம், பதப்படுத்திய தாவரப் பொருளில் திரைக்கோடேர்மாவின் நொதியத்தைக் காட்டிலும் நூற்றுக்கு 60 பங்கு கூடுதலாகச் செயற்படுவதைக் கண்டனர். வடிவங்களை ஒப்பிட்டு, திரைக்கோடேர்மாவின் நொதியத்தில் இரு சிறு மாற்றங்களைச் செய்தபோது அது மற்றையதற்கு ஏறக்குறைய இணையாயிற்று. இத்தகைய நொதியங்கள் தொழிற்சாலைகளுக்கு உரியவை. வயலிலே தூவி வைக்கோலை ஒரே கிழமையில் மண்ணாக்கும் மருந்தாக அவற்றைக் கருதலாகாது.

பயிர்நோய்க் கிருமிகளை அடக்குவதற்கு வழங்கப்படும் திரைக்கோடேர்மாக் கலவைகள் அதே குடும்பத்துப் பங்கசுகளாயினும் வேறு இனங்களைச் சேர்ந்தவை. ஒன்றின் பயனை மற்றொன்றில் எதிர்பார்த்தல் ஏமாற்றத்தையே தரும்.

வயலிற் கைக்கொள்ள வேண்டியவை

இலங்கையில் 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. சேதனப் பசளையை நினைத்தவுடன் உண்டாக்க இயலாது என்பதை அக்காலம் பலருக்கும் உணர்த்தியது. கலச்சுவர் தன் உணவை அவசரத்துக்குக் கொடுப்பதில்லை. முன்கூட்டியே வழிசெய்பவருக்கே அது பயன்படும். அவ்வழிகளாவன:

1. வைக்கோலைத் தீயிடாது வயலிற் பரவலாக இடுக. அறுவடை இயந்திரம் குவியலாக விட்ட வைக்கோலைக் கலைத்து விடுதல் வேண்டும்.

2. இயன்றால் வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்குக. நறுக்குவதால் நுண்நாரின் அடுக்கு மாறுவதில்லை. ஆயினும் தாளின் மெழுகுப் பூச்சுடைய வெளித்தோல் பிளந்து, ஈரமும் பங்கசும் உள்ளே செல்ல வழி உண்டாகும்.

3. ஈரம் இன்றேல் நொதியம் இல்லை. செலுலோசின் பிணைப்பை அறுக்கும்போது நொதியம் நீரையே பயன்படுத்துகிறது. கூட்டெருக் குவியல் கையாற் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் அளவில் ஈரமாயிருத்தல் வேண்டும்.

4. கூட்டெருக் குவியலை இடையிடையே புரட்டிவிடுக. பங்கசுகள் மூச்சுவிடவும், ஒட்சிசனை வேண்டும் நொதியங்கள் தொழிற்படவும் காற்றோட்டம் வேண்டும்.

5. நொதியம் புரதமாதலின், அதனை ஆக்குவதற்கு நுண்ணுயிர்களுக்கு நைதரசன் தேவை. வைக்கோலில் அது குறைவு. போதாதவிடத்து அவை மண்ணிலுள்ள நைதரசனை எடுத்துக்கொள்ளும். உக்காத வைக்கோல் இட்ட வயலில் இளம்பயிர் மஞ்சளாவதற்கு இதுவே பெருங்காரணம். மாட்டெரு, கோழியெரு, கிளிரிசீடியா, பூவரசு முதலியவற்றின் தழையை வைக்கோலுடன் அடுக்கடுக்காக இடுவதால் இக்குறை நீங்கும்.

6. வயலில் நேரே கலந்து உழுவதாயின் விதைப்புக்கு அல்லது நடுகைக்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னரே செய்க. நீர் தேங்கிய வயலிற் புதிய வைக்கோல் உக்கும்போது உண்டாகும் அமிலங்கள் இளவேர்களைத் தாக்கும்.

7. மரக்கறிப் பாத்திகளில் உக்காத வைக்கோலை மண்ணுடன் கலவாது மேலே மூடாக்காக இடுக. ஈரங் காப்பதோடு அது மெல்ல மெல்ல உக்கி மண்ணைச் சேரும்.

மாடு வளர்ப்போர், 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது இரண்டு மூன்று கிழமை மூடிவைத்துத் தீவனமாக்கும் முறையை அறிவர். யூரியாவிலிருந்து வெளிப்படும் அமோனியா இலிக்னினுக்கும் அரைச்செலுலோசுக்கும் இடையிலுள்ள இணைப்புகளைத் தளர்த்துகிறது. ஆய்வுகூடத்திற் போல் செலுலோசின் அடுக்கை அது மாற்றுவதில்லை. எனினும் மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களுக்கு வாயில் திறக்கிறது. யூரியாவைத் தனியே கால்நடை உண்ணுமாறு விடலாகாது, அது நஞ்சாகும். இம்முறையைத் தொடங்குமுன் கால்நடை அலுவலரின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம்.

பங்கசையும் பற்றீரியாவையும் கமக்காரர் தேடி வாங்க வேண்டியதில்லை. அவை மண்ணிலும் எருவிலும் நிறைந்துள்ளன. தாளைப் பிளந்து, ஈரமும் காற்றும் நைதரசனும் கொடுத்து, போதிய நாளும் விட்டுவைத்தால், அவை தம் வேலையைத் தாமே செய்யும். அறுவடை முடிந்த கிழமையிலேயே இவ்வேலையைத் தொடங்குவோரின் வயலில், அடுத்த போகத்துக்கு ஏர் இறங்கும் நாளில் வைக்கோல் கலப்பையிற் சிக்கும் தொல்லை பெரிதும் குறைந்திருக்கும்.